“மூணாவது மாடிதானே, பயம் இல்ல!” - புயல் நாளில் அபார்ட்மென்ட் வீடுகள் தடுமாறுவது எங்கே?

“மூணாவது மாடியிலதானே இருக்கே... அங்க எப்படித் தண்ணி வரும்? கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இரு.”

சென்னையில் புயல் என்று டி.வி-யில் சிவப்பு எழுத்து ஓட ஆரம்பித்ததும் வேலூரை அடுத்த கணியம்பாடி போன்ற ஊர்களிலிருந்து கிளம்பும் போன்களில் பெரும்பாலும் இதுதான் பேச்சு. ஊரில் அம்மா, அப்பா. மகனோ மகளோ ஓ.எம்.ஆரிலோ, வேளச்சேரியிலோ வாடகை ஃபிளாட்டில். கணியம்பாடியில் அப்போது லேசான தூறல் மட்டும் இருக்கும். சென்னையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருக்கும்.

அந்த அம்மாவின் கணக்கில் தப்பில்லை. இந்தப் பகுதியில் மழை என்றால் முதல் பயம் சுவர்தான். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் கனமழையில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்ததை மாவட்டம் மறக்கவில்லை. மண் சுவரையும் ஊறிய செங்கல்லையும் பார்த்து பயந்தவர்களுக்கு, கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கும் ஐந்து மாடிக் கட்டடம் கோட்டையாகத் தெரிவது இயல்பு.

கோட்டைதான். சென்னை சந்தித்த புயல்களில் அபார்ட்மென்ட் சுவர்கள் பெரும்பாலும் நின்றன. ஆனால், சுவருக்குள் இருந்தவர்களின் வாழ்க்கை ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. கிராமத்து வீட்டில் கரன்ட் போனால், கரன்ட் மட்டும்தான் போகும். அடிபம்பு இருக்கும், விறகு இருக்கும், வாசலைத் தாண்டினால் தெரு இருக்கும். அபார்ட்மென்ட்டில் கரன்ட் போனால் அதோடு தண்ணீர் போகும், லிஃப்ட் போகும், கொஞ்ச நேரத்தில் போனும் போகும்.

சென்னையைத் தொடாமலே முடக்கிய மிக்ஜாம்!

2023 டிசம்பர் 4, திங்கள்கிழமை. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை. விமான நிலையத்தில் ஓடுபாதையிலேயே தண்ணீர். மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. கடலோரமாகவே நகர்ந்து, மறுநாள் ஆந்திராவின் பாபட்லா அருகில்தான் கரையேறியது. ஆனால் போகிற போக்கில் கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், பெரும்பாக்கம் என்று தென்சென்னையின் பெரும்பகுதி தீவுகளாகிப்போனது. பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிறுத்தியிருந்த கார்கள், காகிதக் கப்பல்போல ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மிதந்துபோன வீடியோவை அன்று பார்க்காதவர்கள் குறைவு.

அடுத்த நாள் காரப்பாக்கத்திலிருந்து நடிகர் விஷ்ணு விஷால் எக்ஸ் தளத்தில் ஒரு பதிவு போட்டார். வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, மின்சாரம் இல்லை, வைஃபை இல்லை, போன் சிக்னல் இல்லை, மொட்டைமாடியில் ஓர் இடத்தில் நின்றால் மட்டும் கொஞ்சம் சிக்னல் கிடைக்கிறது என்பதுதான் அதன் சாரம். பிறகு தீயணைப்பு மற்றும் மீட்புத் துறையினர் படகில் வந்து மீட்டார்கள். அதே பகுதியில் தங்கியிருந்த இந்தி நடிகர் ஆமிர் கானும் அந்தப் படகில் இருந்தார். யாராக இருந்தாலும் சிக்னலுக்கு மொட்டைமாடிதான், வெளியே வரப் படகுதான் என்பதை அந்தப் புகைப்படம் சொன்னது.

மழை நின்ற பிறகும் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் வரவில்லை. மின்வாரியத்தைத் திட்டாத வாய் இல்லை. ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னையில் பல இடங்களில் மின்கம்பி தரைக்கு அடியில்தான் போகிறது. தெருமுனையில் தரையோடு நிற்கும் ‘பில்லர் பாக்ஸ்’ வழியாக வீடுகளுக்கு இணைப்பு வருகிறது. அபார்ட்மென்ட்டின் மீட்டர் போர்டும் பெரும்பாலும் கார் பார்க்கிங் தளத்தில்தான் இருக்கும். தண்ணீர் அந்த உயரத்தைத் தொட்ட பிறகு கரன்ட் கொடுத்தால், தெருவில் நடப்பவர் உயிர் போகும். அதனால்தான், மூன்றாவது மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும், தரைத்தளம் வடியும்வரை அந்த வீட்டுக்கும் இருட்டுதான்.

ஒரே தொட்டி... ஒரு நாளா, எட்டு நாளா?

அபார்ட்மென்ட்டில் தண்ணீர் மேலே ஏறுவது மோட்டாரால். சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு, அங்கிருந்து குழாய்க்கு. கரன்ட் நின்றால், அந்த நிமிடம் தொட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் மொத்தக் கட்டடத்துக்கும் கையிருப்பு. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். அதுவும் தரைத்தளத்தில்தானே நிற்கிறது? அது ஓடினாலும், சம்ப் மூடி வழியே வெள்ள நீரும் கழிவுநீரும் கலந்துவிட்டால் அந்தத் தண்ணீரை மேலே ஏற்றவே கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. 20 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், மொத்தம் 80 பேர். மொட்டைமாடியில் 10,000 லிட்டர் தொட்டி. நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் அரசு வைத்திருக்கும் அளவு. அப்படிப் பார்த்தால் 80 பேருக்கு 10,800 லிட்டர் வேண்டும். தொட்டி ஒரு நாளைக்குக்கூடப் போதாது. பேரிடர் முகாம்களுக்கான ‘ஸ்பியர்’ என்ற சர்வதேசக் கையேடு, ஒருவருக்குக் குறைந்தபட்சம் 15 லிட்டர் என்கிறது. குடிக்க, சமைக்க, கை கால் கழுவ. அந்தக் கணக்கில் 80 பேருக்கு ஒரு நாளைக்கு 1,200 லிட்டர். அதே தொட்டி எட்டு நாள் வரும்.

ஒரு நாளுக்கும் எட்டு நாளுக்கும் நடுவில் இருப்பது மோட்டார் அல்ல, மனிதர்கள். கரன்ட் போனதும் எல்லோருக்கும் முன்னால் குழாயைத் திறந்து டிரம், பக்கெட், குடம், குக்கர் வரை நிரப்பிக்கொள்கிற ஒரு வீடு இருந்தால் போதும். மாலையில் நான்காவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு டாய்லெட்டுக்கு ஊற்றத் தண்ணீர் இருக்காது. அதனால் விஷயம் தெரிந்த அசோசியேஷன்கள் செய்வது இதைத்தான்: புயலுக்கு முந்தின நாளே தொட்டியை வழிய வழிய நிரப்பி, எல்லா வீடுகளையும் குடிநீர் பிடித்துவைக்கச் சொல்லி, மறுபடி நிரப்பிவிடுகிறார்கள். கரன்ட் நின்றதும் மொட்டைமாடி வால்வை மூடி, காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் மட்டும் திறக்கிறார்கள். வால்வைத் திறப்பவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டால் சண்டை பாதி குறையும்.

ஃபேனா... போனா?

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் முதல் சில மணி நேரம் ஒரு தெம்பு இருக்கும். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 150 ஏ.ஹெச் பேட்டரி ஒன்றில் ஏட்டளவில் இருப்பது 1,800 வாட் ஹவர். நடைமுறையில் 1,200 கிடைத்தால் நல்ல பேட்டரி. இரண்டு சீலிங் ஃபேன், நான்கு எல்.இ.டி பல்பு போட்டால் ஏறக்குறைய ஆறரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ராத்திரி 10 மணிக்குக் கரன்ட் போனால், விடிவதற்குள் பேட்டரியும் படுத்துவிடும். அதே பேட்டரியில் ஒரு பல்பும் போன் சார்ஜரும் மட்டும் என்றால் இரண்டு நாள் ஓட்டலாம். டிசம்பர் புயலில் குளிர் காற்று வீசும்போது ஃபேனை விட்டுக்கொடுப்பது பெரிய தியாகமும் இல்லை.

போனில் சார்ஜ் இருந்தால் மட்டும் போதுமா? செல்போன் டவருக்கும் கரன்ட் வேண்டும். கரன்ட் நின்றால் டவர் பேட்டரியில் ஓடும், அடுத்து டீசல் ஜெனரேட்டரில் ஓடும். தெருவே மூழ்கியிருந்தால் டீசல் கொண்டுபோக வழியில்லை. அதனால்தான் வீட்டில் இருட்டாகிப் பல மணி நேரம் கழித்து, நாம் பழகிக்கொண்ட நேரம் பார்த்து சிக்னலும் காணாமல்போகிறது. அரைகுறை சிக்னலில் வீடியோ கால் போகாது, சாதாரண காலும் போகாமல் இருக்கலாம். ஆனால், ஒரு எஸ்.எம்.எஸ் நுழைந்து வெளியே போய்விடும். வாட்ஸ்அப்பே உலகம் என்று இருப்பவர்கள் நினைவில் வைக்கவேண்டிய விஷயம் இது.

பணமும் அப்படித்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை. கார்டு தேய்க்கலாம் என்றால் கரன்ட்டும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. இன்று ஜி-பே காலத்திலும் நிலைமை அதேதான். 2023-ல் ஆவின் பால் விநியோகம் தடைபட்டு, பால் பாக்கெட்டுக்கு மக்கள் அலைந்த நாள்களில், கையில் நூறு ரூபாய்த் தாள் வைத்திருந்தவரால்தான் தெருமுனைக் கடையில் வாங்க முடிந்தது.

காற்று நின்றுவிட்டதா... அவசரப்படாதீர்கள்!

மிக்ஜாம் தண்ணீரால் அடித்தது என்றால், வர்தா காற்றால் அடித்தது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அன்று பிற்பகல் ஒரு வினோதம் நடந்தது. பேயாக அடித்த காற்று திடீரென்று அடங்கியது. ‘முடிஞ்சுபோச்சு’ என்று பலர் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். முடியவில்லை. புயலின் மையப்பகுதியான ‘கண்’ சென்னையின் மேல் கடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடி அடித்தது. முதல் சுற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆட்டம் கண்டிருந்த மரங்களும் பலகைகளும் இரண்டாவது சுற்றில் விழுந்தன. காற்று அடங்கினால், வானிலை ஆய்வு மையம் ‘முழுமையாகக் கரையைக் கடந்துவிட்டது’ என்று சொல்லும்வரை வெளியே போகக் கூடாது என்பது அன்று சென்னை கற்ற பாடம்.

மாடி உயர உயரக் காற்றின் வேகமும் கூடும். கீழே தண்ணீருக்கு பயந்து மேலே போனவர்கள், மேலே காற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். பால்கனியில் இருக்கும் பூந்தொட்டி, துணி உலர்த்தும் ஸ்டாண்டு, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் புயலில் எறிகற்கள். உங்கள் வீட்டுத் தொட்டி உடைப்பது எதிர்வீட்டு ஜன்னலாக இருக்கும். முந்தின நாளே உள்ளே எடுத்துவிடுங்கள். ‘ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்று ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போய்விடும், கண்ணாடி உடையாது’ என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. திறந்த ஜன்னல் வழியே நுழையும் காற்று மற்ற ஜன்னல்களை உள்ளிருந்து தள்ளும். எல்லாவற்றையும் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டு, கண்ணாடி இல்லாத உள் அறையில் அல்லது நடையில் இருப்பதே பாதுகாப்பு.

லிஃப்ட்டும் காரும்

காற்று பலமாக அடிக்க ஆரம்பித்ததும் லிஃப்ட்டை ஒரு மேல்மாடியில் நிறுத்தி, சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கீழே நின்றால் லிஃப்ட் குழியில் ஏறும் தண்ணீர் அதைப் பல வாரங்களுக்குப் படுக்கவைத்துவிடும். கரன்ட் போனால் பக்கத்து மாடியில் நின்று கதவைத் திறக்கும் வசதி பல லிஃப்ட்களில் உண்டு. அதற்கும் பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். அதை நம்பி ஏறாமல் இருப்பதே நல்லது.

பேஸ்மென்ட்டில் தண்ணீர் வரத் தொடங்கியபின் காரை எடுக்க இறங்குவது இன்னும் ஆபத்து. அங்கேதான் மீட்டர் போர்டு, அங்கேதான் ஒயர்கள். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், சாவியைத் திருப்பும் அந்த நொடியில்தான் பெரிய செலவு ஆரம்பிக்கும். 2023-ல் பட்ட சூட்டில், 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது வேளச்சேரிக்காரர்கள் முன்னமே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஊரே சிரித்தது. அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

முந்தின நாள் செய்ய வேண்டியவை

* மொட்டைமாடித் தொட்டியை நிரப்புங்கள். சம்ப் மூடியை பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்குங்கள். மொட்டைமாடி, பால்கனியில் மழைநீர்க் குழாய்களில் அடைத்திருக்கும் இலை தழையை எடுங்கள். மேல்மாடி வீட்டுக்குள் தண்ணீர் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.
* பிரஷர், சுகர் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் ஃபிரிட்ஜ் இல்லாமல் எத்தனை நாள், எப்படி வைக்கலாம் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.
* கேஸ் சிலிண்டர் இருப்பைப் பாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வைத்திருக்கும் பேச்சிலர் வீடுகளுக்கு அவல், பொரி, பிஸ்கட், பழம்தான் கைகொடுக்கும்.
* ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ மூடிய அறையிலும் மூடிய பால்கனியிலும் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.
* ரொக்கம், பவர் பேங்க், டார்ச். ஆதார், சர்டிஃபிகேட் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில்.
* மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. இவற்றைப் போனில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

லிஸ்ட்டில் இல்லாத பிள்ளைகள்

இத்தனையும் செய்த அபார்ட்மென்ட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்களில் பெரும்பாலும் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளர்கள். அந்த உரிமையாளர் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார். வீட்டில் வாடகைக்கு இருக்கும் நாலு பையன்களோ மூன்று பெண்களோ குரூப்பில் இல்லை. தண்ணீர் எப்போது திறக்கும், படகு எப்போது வரும் என்ற தகவல் அவர்களுக்குப் போவதில்லை. படகில் வருபவர்கள் ‘உள்ளே யார் யார் இருக்காங்க?’ என்று கேட்டால், சொல்லும் லிஸ்ட்டிலும் அவர்கள் பெயர் இருப்பதில்லை. கணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகளில் பலர் வாழ்வது இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

சரிசெய்ய ஒரு தாள் போதும். எந்த மாடி, எந்த வீடு, எத்தனை பேர், அதில் முதியவர், கர்ப்பிணி, குழந்தை, தினமும் மருந்து எடுப்பவர் யார் என்று எழுதி, முதல் மாடிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். தரைத்தள நோட்டீஸ் போர்டு தண்ணீரில் போய்விடும், வாட்ஸ்அப் சிக்னலோடு போய்விடும். படிக்கட்டுச் சுவரில் ஒட்டிய தாள் அங்கேயே இருக்கும்.

இது சென்னைக்கு மட்டும் சொல்வதல்ல. வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கமும் அபார்ட்மென்ட்கள் வந்துவிட்டன. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறோம் என்ற தைரியமும் பழைய கதையாகிவிட்டது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு, அதன் மிச்சம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. கணியம்பாடி வழியாகச் செல்லும் அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் வரும் திருவண்ணாமலையில், டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். புயல் கரையில் நிற்பதில்லை.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையின் போன் நம்பர் எல்லோருக்கும் மனப்பாடம். ஃபிளாட் நம்பர் தெரியுமா? எந்த மாடி என்று தெரியுமா? எதிர்வீட்டுக்காரர் நம்பர், வாட்ச்மேன் நம்பர் இருக்கிறதா? அடுத்த முறை மகனோ மகளோ ஊருக்கு வரும்போது, சாப்பாடு போட்டுவிட்டு, இந்த நான்கையும் கேட்டுக் காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ஓர் ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளுங்கள். புயல் நாளில் காலை 8 மணிக்கு ஒரு எஸ்.எம்.எஸ், மாலை 6 மணிக்கு ஒன்று. மற்ற நேரம் அங்கே போன் அணைந்திருக்கும், இங்கே யாரும் பதற வேண்டாம்.

எஸ்.எம்.எஸ்-ஸில் நீளமாக எழுதவும் தேவையில்லை. ‘நல்லா இருக்கேன்மா. தண்ணி இருக்கு.’ அது போதும், கணியம்பாடியில் ஒரு வீடு அன்று ராத்திரி சாப்பிட்டுத் தூங்க.